தோல்வார் சீட் பை: பினாங்கு ஈரத்தில் முதல் சில மாதங்கள்

சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் குறுக்காகத் தொங்கும் கான்வாஸ் பையை வாங்கப் போகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கேட்பார்கள், நிறம் ஃபிரேமுக்குப் பொருந்துமா என்று யோசிப்பார்கள். வாரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் பையின் முழுப் பாரத்தையும் தாங்குவது மூன்று தோல்வார்கள்தான். இரண்டு சீட்டின் பின்புற வளையங்களில் மாட்டப்படுகின்றன, மூன்றாவது, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைச் சுற்றிக் கட்டப்படுகிறது. பை ஆடுகிறது, தொடையில் இடிக்கிறது, டயரில் உரசுகிறது, ஒரு பக்கம் சாய்கிறது, பூஞ்சை பிடிக்கிறது என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை வாரிலிருந்து கிளம்புபவை. ஆகவே இங்கே துணியைப் பற்றிக் கொஞ்சம், வாரைப் பற்றி நிறைய.

இந்த வகைப் பை முதிர்ந்தது இங்கிலாந்தில். லங்காஷைர் வட்டாரத்தில் நெல்சன் என்ற ஊரில் 1932 முதல் கேரடைஸ் நிறுவனம் இதைத் தைத்து வருகிறது. மெழுகேற்றிய தடித்த பருத்திக் கான்வாஸ், உள்ளே மேல் விளிம்பை நிமிர்த்திப் பிடிக்கும் மரத்தண்டு, தோல்வார், உலோகப் பக்கிள் என்று அமைப்பு எளிமையானது. தைத்தவர் உள்ளே இருக்கும் லேபிளில் தன் பெயரைக் கையெழுத்திடும் வழக்கமும் அங்கே உண்டு. ஊரின் பெயரையே தாங்கிய நெல்சன் பை 15 லிட்டர் கொள்ளும். முகாம் பயணத்துக்கான கேம்பர் லாங்ஃபிளாப் 24 லிட்டர். இன்று வேறு பலரும் இதே அமைப்பில் தைக்கிறார்கள், வார் மாட்டும் முறை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

பராமரிப்பு அறிவுரைதான் இங்கே பொருந்துவதில்லை. குளிர்நாட்டில் வீட்டுக்குள் கணப்பு எரியும் மாதங்களில் தோல் வறண்டு வெடிக்கும். அதனால் அங்கே எழுதப்படும் குறிப்புகள் எல்லாம் தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடு, காயவிடாதே என்று சொல்கின்றன. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. இரவில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. தோல் வறள்வதற்கு இங்கே நேரமே கிடைப்பதில்லை. குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் நல்ல பை ஓராண்டில் கெடும். இந்த ஊரில் தோலுக்கு முதலில் காற்று வேண்டும், மெழுகு அதற்கு அடுத்தது.

மாட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை

சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டு, பின்புற வளையத்தின் அடிப்பகுதியிலிருந்து நேர்க்கீழே டயரின் உச்சி வரை அளந்து பாருங்கள். மட்கார்டு இருந்தால் அதன் உச்சி வரை. பையின் உயரத்தைவிட இந்த இடைவெளி குறைந்தது 5 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். காலிப் பையை வைத்து அளந்து போதும் என்று நினைப்பதுதான் வழக்கமாக நடப்பது. சாமான் ஏறியதும் கான்வாஸின் அடி தொங்கும், வாரும் முதல் சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் வரை நீளும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பை இன்னும் கொஞ்சம் துள்ளும். மூன்றையும் கூட்டினால் 5 சென்டிமீட்டர் அதிகமில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கு சீட் போஸ்ட் வெளியே தெரிவதே நாலைந்து விரற்கடைதான். அவர்கள் பெரிய பையை வாங்கினால் அடியில் தாங்கி ஒன்று தேவைப்படும். சீட் போஸ்ட்டிலோ சீட்டின் கம்பிகளிலோ பொருத்தும் கம்பித் தாங்கிகள் கிடைக்கின்றன. பின் கேரியர் ஏற்கெனவே இருந்தால் பையின் அடியை அதன்மேல் உட்கார வைத்துவிடலாம். சின்னச் சக்கர மடிப்பு சைக்கிள்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சீட்டிலிருந்து டயர் வெகுதூரத்தில் இருப்பதால் எவ்வளவு பெரிய பையும் தாராளமாகத் தொங்கும்.

பின் பிரேக்கையும் கவனியுங்கள். கேன்டிலீவர் பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில் கேபிள், சீட் போஸ்ட்டுக்குப் பின்னால் நேராகக் கீழே இறங்குகிறது. பாரம் ஏறிய பை அந்தக் கேபிளை அழுத்தினால் பிரேக் கட்டை சக்கர வளையத்தில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஏறும்போது காரணமில்லாமல் கனப்பதுபோல் தோன்றும். பையில் சாமான் வைத்து, சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சீட்டில் வளையம் இல்லாவிட்டால், சீட்டின் கம்பிகளில் மாட்டும் உலோகப் பிடிகள் உண்டு. புரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டுகளில் வளையம் சட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. சீட்டின் கம்பி கார்பனாக இருந்தால் உலோகப் பிடியை மாட்டாதீர்கள். இறுக்கும் இடத்தில் நசுங்கி முறியும் ஆபத்து உண்டு.

புது வாரை வளைப்பது

புது வார் பலகைபோல் விறைத்திருக்கும். அகலம் பெரும்பாலும் 20 மில்லிமீட்டரை ஒட்டி, தடிமன் 3 அல்லது 4 மில்லிமீட்டர். அப்படியே வளையத்துக்குள் நுழைத்து பலமாக இழுத்து முதல் கிடைத்த துளையில் முள்ளை மாட்டினால், வளைவில் தோலின் மேல்பரப்பு நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். அந்தக் கோடுகளில்தான் பிறகு தண்ணீர் நுழையும், ஒருநாள் அங்கேதான் வார் அறும்.

வாரைக் கழற்றிக் கையில் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் தடித்த கைப்பிடியைச் சுற்றி, மெல்ல, ஒவ்வொரு அங்குலமாக வளைத்துக்கொண்டு போங்கள். சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி முதலில், பிறகு மறுபக்கம். இருபது முப்பது முறை இப்படிப் போய் வந்தால் விறைப்பு தளரும். அதன் பிறகு நனைத்துப் பிழிந்த பஞ்சால் சொரசொரப்பான பக்கத்தை மட்டும் ஒருமுறை துடைத்துவிட்டு, சைக்கிளில் அது உட்கார வேண்டிய வடிவத்திலேயே, காலிப் பையோடு மாட்டி, நிழலில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரத்தில் இளகி, காயும்போது எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவிலேயே நின்றுகொள்ளும். மறுநாள் வளையத்தைச் சுற்றிய வளைவு வாரிலேயே பதிந்திருக்கும். முள்ளும் முரண்டு பிடிக்காது. ஈரம் காய்வதற்குள் பாரம் மட்டும் ஏற்றாதீர்கள். ஈரத்தோல் பாரத்தில் நீளும், நீண்டது மறுபடி சுருங்காது.

வார் போகும் வழி இதுதான்: பையின் பின்சுவரில் உள்ள துளை வழியாக வெளியே வந்து, சீட் வளையத்தைச் சுற்றி, திரும்ப வந்து மரத்தண்டைத் தழுவிக்கொண்டு பக்கிளில் முடிய வேண்டும். தண்டைத் தழுவாமல் துணியை மட்டும் பிடித்தால் பாரம் முழுவதும் துளையின் தையலில் இறங்கும். பக்கிள் தட்டையான இடத்தில் உட்காரட்டும். வளைவின்மேல் பக்கிள் வந்தால் உலோக விளிம்பு தோலை அறுக்கும், சட்டம் கோணும். இரண்டு பக்கமும் ஒரே எண் துளையில் மாட்டுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பை சாய்ந்தால், இரண்டு வார்களின் துளைகளும் ஒரே தூரத்தில் இல்லை என்று பொருள். கைத்தயாரிப்பில் 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு.

கூடுதல் துளை தேவைப்படுவது சகஜம். ஆணியைச் சுடவைத்துக் குத்துவதையும் கத்தி முனையால் திருகுவதையும் தவிர்க்க வேண்டும். ஆணி தோலின் நாரைக் கிழித்து ஒதுக்குகிறது, கிழிசல் முனையிலிருந்து வெடிப்பு ஓடுகிறது. சுழல் தலையுள்ள துளைப்பான் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதில் 4 மில்லிமீட்டர் முனையைத் தேர்ந்து, வாரின் நடுக்கோட்டில் பென்சிலால் குறித்து, அடியில் ஒரு துண்டுத் தோலோ மெல்லிய பலகையோ வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வட்டமாக ஒரு சில்லு கழன்று விழும். பக்கத்துத் துளையிலிருந்து 20 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். வார் முனையிலிருந்து 25 மில்லிமீட்டருக்குள் துளை போடவே வேண்டாம்.

மிச்ச வால் நீளமாகத் தொங்கினால் உடனே வெட்டிவிடத் தோன்றும். ஒரு மாதம் பொறுங்கள். தாங்கி ஒன்று வாங்கினாலோ சீட்டை மாற்றினாலோ அந்த நீளம் தேவைப்படும். அதுவரை வாலை வளையத்துக்குள் செருகி வையுங்கள். அவிழ்ந்து தொங்கும் வால் சக்கரத்துக்குள் போகக்கூடியது.

மூன்றாவது வார்

சீட் போஸ்ட்டைச் சுற்றும் கீழ்வாரை அலட்சியமாகக் கட்டுபவர்கள் அதிகம். மேல் வார்கள் பாரத்தைத் தாங்குகின்றன, ஆட்டத்தை அடக்குவது கீழ்வார். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் ஏறும்போது சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பீர்கள்; சைக்கிள் இடமும் வலமும் சாயும்; கீழ்வார் தளர்ந்திருந்தால் பை அரை நொடி தாமதமாக அதே ஆட்டத்தை ஆடும். மிதியின் தாளமே கெட்டுப்போகும்.

சீட் போஸ்ட் வழவழப்பான உலோகம். தோல் அதன்மேல் வழுக்கி மேலேறும், அல்லது இடையில் சிக்கிய மணலைக் கொண்டு அதைத் தேய்க்கும். பழைய டியூபிலிருந்து 5 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, சீட் போஸ்ட்டில் சுற்றி, அதன்மேல் வாரைக் கட்டினால் இரண்டு தொல்லையும் தீரும். வாரை ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்று சுற்ற நீளம் இருந்தால் இன்னும் நல்லது.

இறுக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கீழ்வாரை இறுக்க இறுக்கப் பை முன்னோக்கி வரும், பக்கப் பைகளின் முனை தொடையின் பின்புறத்தை ஒவ்வொரு மிதிக்கும் தொடும். இடிக்கிறதே என்று வாரைத் தளர்த்தினால் ஆட்டம் திரும்பிவிடும். இந்த இழுபறியில்தான் பலர் பையையே விற்றுவிடுகிறார்கள். தீர்வு சின்னது. சீட் போஸ்ட்டுக்கும் பைக்கும் நடுவில் 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டை ஒன்றைச் செருகுங்கள். மரத்துண்டு, தக்கை, சுருட்டிக் கட்டிய பழைய டியூப், எதுவானாலும் சரி. கீழ்வாரை அதையும் சேர்த்து இறுக்குங்கள். பை பின்னால் தள்ளி நிற்கும், இறுக்கமும் குறையாது. அகன்ற பைகளுக்கு அதுவும் போதாதபோது பின்னுக்குத் தள்ளித் தாங்கும் கம்பித் தாங்கிதான் வழி.

சாமான் அடுக்குவது

ஒருநாள் பயணத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். தாங்கி இல்லாத பையில் அதுதான் நியாயமான அளவு. கனமானது அடியில், நடுவில், சீட் போஸ்ட்டை ஒட்டி இருக்கட்டும். பின்சுவர் ஓரமாகக் கனம் போனால் பை வெளிப்பக்கம் சாய்ந்து மேல் வார்களை முறுக்கும். பக்கப் பைகளில் ஒன்றில் டியூப், டயர் நெம்பு, பல கருவிகள் ஒன்றாக மடிந்த மல்டி டூல்; மற்றதில் அதற்கு ஈடான எடை. கையில் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியாத அளவுக்கு இரண்டும் சமமாக இருந்தால் போதும்.

பாதி காலியான பை நிரம்பிய பையைவிட மோசமாக ஆடும். மழைச்சட்டையை இறுகச் சுருட்டாமல் தளர்வாக மேலே அமுக்கி வைத்தால் வெற்றிடம் நிரம்பும், அவசரத்துக்கு முதலில் கையில் வருவதும் அதுவாகவே இருக்கும். மூடியின் வார்களை இறுக்குவதில் ஒரு வரம்பு: மாட்டிய வாரின் அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மூடியில் வார் தைத்த இடம் பிய்யத் தொடங்கும். திறக்கும்போது வாலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் பக்கிளுக்கு எதிர்த்திசையில் மடக்கினால் முள் தானாக விலகும். வீட்டிலேயே கொஞ்சம் பழகிக்கொண்டால் வெயிலில் வியர்வைக் கையோடு திணற வேண்டியிருக்காது.

புதுப் பையின் மெழுகு இந்த ஊர் வெயிலில் இளகும். லிட்டில் இந்தியா பக்கம் நண்பகலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் கான்வாஸ் கையில் பிசுபிசுக்கும். அதிகாலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சைக்கிளில் போய், அங்கே வெள்ளை வேட்டிக்கு மாறிக்கொள்கிறவர்கள் வேட்டியைக் கட்டாயம் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டும். மெழுகு ஒட்டிவிட்டால் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். கறையின் மேலும் கீழும் வெற்றுக் காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும்; மீதியைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுக்கலாம். ஜூன், ஜூலையில் பாலிக் பூலாவ் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: டுரியானை இந்தப் பைக்குள் வைக்காதீர்கள். முள் கான்வாஸைக் குத்தும் என்பது இருக்கட்டும், துவைக்க முடியாத பருத்தித் துணியில் ஏறிய வாடையை எடுப்பது மிகக் கடினம். ஜாதிக்காய் எத்தனை வேண்டுமானாலும் வாங்கி வரலாம்.

விளக்கு விஷயத்தில் மெத்தனம் கூடாது. சீட் போஸ்ட்டில் மாட்டிய பின்விளக்கைப் பை முழுதாக மறைத்துவிடும். பையின் பின்புறத்தில் தைத்திருக்கும் சிறிய தோல் பட்டை விளக்கு மாட்டத்தான். ஆனால் பட்டை நாளடைவில் தளர்ந்து, விளக்கு தலைகுனிந்து சாலையைப் பார்க்கத் தொடங்கும். வெளிச்சம் எரிகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பின்னால் வரும் லோரிக்காரருக்கு எதுவும் தெரியாது. பட்டையின் உட்பக்கம் தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி விறைப்பாக்குங்கள், அல்லது விளக்கை மட்கார்டிலோ ஃபிரேமின் பின் கம்பியிலோ மாற்றிப் பொருத்துங்கள். விடியுமுன் கிளம்புவதுதான் இங்கே வழக்கம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் பயணங்கள்

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு வாரிலும் பக்கிளின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வையுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், துளை நீண்டிருந்தால் கோடு பக்கிளைவிட்டு நகர்ந்திருக்கும்; வார் நீண்டிருந்தால் பை முன்பைவிடத் தாழ்ந்து தொங்கும். எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்பதே எந்தத் துளைக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடும். தீவைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலை அதில் உண்டு. புது வாரோடு முதல்முறை போகிறவர்கள் இறக்கம் முடிந்து பாலிக் பூலாவில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட நிறுத்தும்போது கோட்டைப் பாருங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில் குலுங்குவதுதான் வாரை அதிகம் நீட்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் நீட்சி பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கோடு நகர்ந்துகொண்டே இருந்தால் தோல் நல்லதில்லை.

மழைக்குப் பிறகு

மெழுகேற்றிய கான்வாஸ் மழையைத் தாங்குவதற்குக் காரணம் மெழுகு மட்டுமில்லை. நனைந்த பருத்தி நூல் ஊதி, இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைக்கிறது. தையல் துளைகளும் அப்படித்தான் அடைபடுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் பெய்யும் மழைக்கு அது ஒரு மணி நேரம் ஈடுகொடுக்கும். மேலிருந்து வரும் மழையைவிடப் பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறுதான் மோசம். மட்கார்டு இல்லாத சைக்கிளில் பையின் அடித்துணியில் மணல் ஏறி, உள்ளிருந்து அரத்தால் ராவுவதுபோல் நூலைத் தேய்க்கும்.

வீடு வந்ததும் முதல் வேலை பையைக் காலி செய்வது. ஈர வாரில் பாரம் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பையைக் கழற்றி, எல்லாப் பக்கிளையும் அவிழ்த்து, மூடியைத் திறந்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றாடிக்குக் கீழே தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். வெயிலில் போடுவது, ஹேர் டிரையரால் ஊதுவது, குளிர்பெட்டியின் பின்புறச் சூட்டில் வைப்பது மூன்றும் வேண்டாம். ஈரத்தோல் சூட்டில் சுருங்கி, காய்ந்ததும் ஓடுபோல் ஆகிவிடும். அதை மீட்கும் வழி கிடையாது. சேறு காயட்டும், காய்ந்த பின் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். கறை மிஞ்சினால் பச்சைத் தண்ணீர், துணி, அவ்வளவுதான். சோப்பும் வெந்நீரும் மெழுகைக் கரைக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒருமுறை போட்டால் அதன் பிறகு அது வெறும் கான்வாஸ் பைதான்.

பத்து பெரிங்கி, கர்னி பக்கம் கடலோரமாக ஓட்டிய நாளில் மழை இல்லாவிட்டாலும் பக்கிள்களை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்துணியாலும் துடைத்துவிடுங்கள். உப்புப் படிந்த பக்கிளில் முள்ளின் கீல் முதலில் துருப்பிடிக்கும், அந்தத் துரு வாருக்குப் பரவும். பட்டைச்சாற்றுத் தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறை உண்டாகும். துருப்பிடித்த ஸ்பேனரைத் தோல் பட்டையில் செருகி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

வெள்ளைப் படலமும் எண்ணெயும்

சில வாரங்கள் தொடாமல் வைத்த வாரில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். பார்த்ததும் பூஞ்சை என்று முடிவுகட்டி வினிகரை எடுக்காதீர்கள். இரண்டு வகை வெள்ளை இருக்கிறது. ஒன்று பூஞ்சை: புள்ளி புள்ளியாக, பஞ்சுபோல், மக்கிய வாடையோடு. மற்றது தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே கசிந்து உறைந்தது: சீராக, பொடிபோல் அல்லது மெழுகுபோல், வாடையில்லாமல். சந்தேகமானால் ஹேர் டிரையரை ஒரு முழ தூரத்தில் பிடித்துச் சில விநாடி இளஞ்சூடு காட்டுங்கள், அதுவும் உலர்ந்த தோலில் மட்டும். கொழுப்பானால் கண்ணெதிரே உருகி மறையும். துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பூஞ்சை அசையாது. அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். தையல் ஓரத்தையும் பக்கிளின் அடியையும் மறக்காதீர்கள்; பூஞ்சை திரும்பக் கிளம்புவது அங்கிருந்துதான்.

எண்ணெய் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுச் செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். செருப்புக்கு அது சரி. காலுக்கு ஏற்ப இளகுவதுதான் அங்கே வேண்டியது. பாரம் தாங்கும் வாருக்கு இளக்கம்தான் எதிரி. எண்ணெய் ஊறிய வார் நீளும், துளைகள் முட்டை வடிவமாகும், முள் ஆடும். ஊறிய எண்ணெய் பூஞ்சைக்கும் தீனி. பித்தளைப் பக்கிளையும் ரிவெட்டையும் சுற்றிப் பச்சையாகக் களிம்பு கட்டுவதும் எண்ணெய் மிகுந்த தோலில்தான், ஏனென்றால் அந்தக் கொழுப்பு அமிலங்கள்தான் செம்பைத் தின்று பச்சை நிறமாகின்றன. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், கடையில் விற்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக்கால் எண்ணெய்) எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தடவ வேண்டியது கெட்டியான மெழுகுக் கலவை. புரூக்ஸின் புரூஃபைடு போல கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்தது எதுவும் பொருந்தும். பையைப் பயன்படுத்தத் தொடங்கும்போது ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்தால் ஒரு வாருக்குத் தாராளம். சொரசொரப்பான பக்கத்திலும் வெட்டிய ஓரங்களிலும் முதலில் தேயுங்கள், தண்ணீர் குடிப்பது அந்தப் பக்கம்தான். ஓர் இரவு வைத்து, மிஞ்சியதைப் பளபளப்பு வரும்வரை துடைத்து எடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது.

கான்வாஸுக்கு அதற்குரிய மெழுகு வேறு. தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் கறுத்துப் பரவத் தொடங்கினால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. டப்பியை வெந்நீரில் வைத்து இளக்கி, துணியால் மெல்லியதாக, தையல் ஓரங்களில் சற்று அழுத்தித் தேய்த்து இரண்டு நாள் காற்றாட விட்டால் ஆயிற்று. நல்ல வெயில் அடிக்கும் ஜனவரி, பிப்ரவரி இதற்கு வசதியான மாதங்கள்.

வைக்கும் இடம்: அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பதும் பூஞ்சையை வளர்க்கும் வழிகள். சுவரில் ஓர் ஆணி, திறந்த மூடி, காற்று. ஊருக்குப் போவதால் வாரக்கணக்கில் மூடிய வீட்டில் விட வேண்டியிருந்தால், பையின் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, வார்களைக் கழற்றித் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

வாரை மாற்றும்போது

எவ்வளவு பேணினாலும் பையைவிட வார் முன்னதாகத் தேயும். துளையைச் சுற்றி வெடிப்பு, வளைவில் பாதித் தடிமனுக்கு மேல் இறங்கிய கீறல், இரண்டில் ஒன்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கடைகளின் முன் உள்ள ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து செருப்பு தைப்பவரே ஒன்றைச் செய்து தந்துவிடுவார். பழைய வாரை மாதிரிக்குக் கொடுக்கும்போது அது நீண்ட நீளத்துக்கு வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தோலைத் தேர்வதுதான் முக்கியம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைச்சாற்றில் பதனிட்டது. நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோமில் பதனிட்டது. மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் ரப்பர்போல் கொடுக்கும், பாரம் தொங்கவிட ஆகாது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது பழைய தொழில். அந்த வகைத் தோல் கையில் கிடைத்தால், 3.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில், முதுகுப் பகுதியிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் நீளும்.

செய்து வரும்வரை ஓட்டாமல் இருக்கத் தேவையில்லை. மிதியில் காலைக் கட்டும் டோ ஸ்டிராப் இரண்டு இருந்தால் போதும். நைலான் உள்வைத்துத் தைத்தவை நீள்வதே இல்லை. பக்கிளுக்கு அருகில் ஒரு முறுக்கு கொடுத்து மாட்டினால் வழுக்காது. ஒன்றை எப்போதும் பக்கப் பையில் சுருட்டி வைத்திருங்கள். மலைச்சாலையின் நடுவில் வார் அறுந்தால் பையைத் தோளில் சுமந்துகொண்டு இறங்க வேண்டி வராது.